அம்மாவோட முதுகுல ஒரு ஆஃப்-பை-ஒன் எரர்

ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க. ஹாஸ்டல்ல இருந்தா கதவைச் சாத்திக்கோங்க, இல்லைன்னா ரூம்மேட் வீடியோ எடுத்து குரூப்ல போட்டுடுவாங்க.

ரெண்டு கையையும் இடுப்புல வைங்க. இடுப்பெலும்போட மேல் விளிம்பு கையில தட்டுப்படுதா? இடது விளிம்பையும் வலது விளிம்பையும் சேர்த்து, முதுகுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டதா நினைச்சுக்கோங்க. இந்தக் கோட்டுக்குப் பேரே இருக்கு: டுஃபியே கோடு. தியோடோர் டுஃபியேங்கிற பிரெஞ்சு சர்ஜன் பேரு. இந்தக் கோடு முதுகெலும்பைத் தொடுற இடம் நாலாவது இடுப்பு முள்ளெலும்பு, இல்லைன்னா நாலுக்கும் ஐந்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்குன்னு புத்தகம் சொல்லுது. "முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன்"னு நம்ம வீடுகள்ல சொல்றோமே, அந்த ஊசி போடுற டாக்டர் முதல்ல விரலால தடவித் தேடுறது இந்தக் கோட்டைத்தான்.

சரி, உட்காருங்க. இந்தக் கோட்டால எனக்கும் எங்க அம்மாவுக்கும் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் என்ன ஆச்சுன்னு சொல்றேன். நான் எல்.கே.ஜி.யிலேருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. அங்கங்க தடுக்கினா பொறுத்துக்கோங்க.

எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அம்மாவுக்கு முதுகுவலி. இட்லிப் பானையை இறக்கும்போது, துணி துவைச்சு நிமிரும்போது, பஸ்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது, இடுப்புல இடது பக்கமா ஒரு கையை வெச்சுக்கிட்டு ஒரே வசனம்தான் சொல்லுவாங்க. "உன்னைப் பெத்தப்ப முதுகுல ஊசி போட்டாங்கல்ல கண்ணு, அப்போலேருந்து இப்படித்தான்."

கோபமாச் சொல்ல மாட்டாங்க. இன்னிக்கு வெயில் ஜாஸ்திங்கிற மாதிரி சும்மா சொல்லுவாங்க. பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொல்லுவாங்க. உங்க வீட்டுலயும் யாராவது சொல்லியிருப்பாங்க. சிசேரியன் ஆன பாதிப் பேர் வீட்டுல இந்த வசனம் ஓடுது. ஆனா சின்ன வயசுலேருந்து இதைக் கேட்டு வளர்ற பிள்ளைக்கு ஒரு கணக்கு உள்ள ஓடிக்கிட்டே இருக்கும்: நான் பொறந்தேன், அதனால அம்மாவுக்கு வலி. அம்மா குனியும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பாத்திரத்தை வாங்கிக்குவேன். பாசம்னு எல்லாரும் சொன்னாங்க. பாதி பாசம், பாதி கடன்.

இப்போ ப்ராஜெக்ட். கீழ்முதுகு எக்ஸ்ரே ஒண்ணைக் கொடுத்தா, ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தானாப் பேர் எழுதுற மாடல். எல்-1, எல்-2, இப்படி எல்-5 வரைக்கும். படங்களை ஆராய்ச்சிக்குன்னு திறந்து வெச்சிருக்கிற தொகுப்புலேருந்து எடுத்தோம். நியூரல் நெட்வொர்க் எலும்புகளைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும். பேர் வைக்கிற வேலைக்கு மட்டும் நானே பத்து வரி எழுதினேன். லாஜிக் ரொம்ப சிம்பிள்: அடியில இருக்கிற முக்கோண எலும்பு சேக்ரம். அதுக்கு நேர் மேல இருக்கிறது எல்-5. அங்கேருந்து மேல ஐந்து எண்ணு. முடிஞ்சது.

மனுஷ முதுகெலும்புல கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5. பன்னிரண்டாம் வகுப்புல மனப்பாடம் பண்ணது. அந்த ஐந்தை அப்படியே ஹார்ட்கோட் பண்ணிட்டேன். கோட்ல ஒரு கமெண்ட்கூட எழுதலை. ஐந்துக்கு எதுக்குங்க கமெண்ட்?

ரிசல்ட் நல்லாவே வந்துச்சு, 31 படங்களைத் தவிர. அந்த 31-லயும் ஒரே மாதிரித் தப்பு. மாடல் எல்-1னு சொல்ற எலும்புல விலா எலும்பு ஒட்டிக்கிட்டிருக்கும். இல்லைன்னா, எல்-1னு சொன்னதுக்கு மேலயும் விலா இல்லாத எலும்பு ஒண்ணு அம்போன்னு நிக்கும். எல்லாப் பேரும் ஒரு படி தள்ளிப்போயிருக்கும். நம்ம ஊர் வழக்கத்துல சொன்னா, சுத்தமான ஆஃப்-பை-ஒன்.

கைட்கிட்டக் காட்டினோம். "அவுட்லையர்ஸ்மா. டேட்டா கிளீனிங்ல தூக்கிடுங்க"ன்னார். தூக்கிட்டோம். அக்யூரசி எகிறிடுச்சு. முதல் ரிவ்யூவுல கைத்தட்டல். அன்னிக்கு ராத்திரி நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுலேருந்து போன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி, எடுத்துடணும். பயப்படற மாதிரி இல்லை, ஆனா தள்ளிப்போட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. லீவ் போட்டு ஊருக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அனஸ்தீஸியா ஃபிட்னஸ் வாங்கணும்னு மயக்க டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. ஐம்பது வயசு இருக்கும், நிதானமாப் பேசுற டாக்டரம்மா.

"முன்னாடி முதுகுல ஊசி போட்டிருக்காங்களா?"

"ஆமாங்க டாக்டர், இவளைப் பெத்தப்ப. நாலஞ்சு தடவை குத்தினாங்க. கிடைக்கவே இல்லைன்னு பெரிய டாக்டரைக் கூப்பிட்டு வந்தாங்க. அப்போலேருந்துதான் வலி."

டாக்டர் எழுதுறதை நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க. "வலிக்குன்னு எப்பவாவது எக்ஸ்ரே எடுத்தீங்களா? இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க."

இருந்துச்சு. பீரோ மேல, பழைய பட்டுப்புடவைப் பெட்டிக்கு அடியில, பிரவுன் கவர்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அன்னிக்கு மாத்திரை வாங்கிட்டு வந்ததோட சரி, படத்தை வீட்டுல யாரும் பார்த்ததே இல்லை. நான் உட்பட. மூணு மாசமா ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரோட முதுகெலும்பை லேப்டாப்ல பார்த்துட்டிருந்த நான், எங்க அம்மா எக்ஸ்ரேவைப் பார்த்ததில்லை.

டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடிச்சேன். பழக்க தோஷத்துல கீழேருந்து எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதுக்கு மேல விலா எலும்பு வந்துடுச்சு.

திரும்ப எண்ணினேன். நாலுதான்.

அப்புறம்தான் சேக்ரம்னு நான் நினைச்சதோட மேல்பகுதியைக் கவனிச்சேன். அது தனி எலும்பு. ஆனா அதோட இடது பக்க இறக்கை மட்டும் மண்வெட்டி மாதிரி அகலமா விரிஞ்சு, கீழே இருக்கிற சேக்ரத்தோட போய் முட்டிக்கிட்டு நிக்குது. வலது பக்கம் சாதாரணமா இருக்கு. ஐந்தும் இல்லை, நாலும் இல்லை. நாலரை.

நான் டெலீட் பண்ண 31 படங்கள்ல இந்த மாதிரி இறக்கையைப் பார்த்திருக்கேன். எங்க அம்மா ஒரு அவுட்லையர். அம்மாவோட படம் அந்தத் தொகுப்புல இருந்திருந்தா, ஷிஃப்ட் டெலீட் பண்ணிட்டுப் பரோட்டா சாப்பிடப் போயிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி தூங்கலை, படிச்சேன். இதுக்கு இடைநிலை முள்ளெலும்புன்னு பேர். எல்-5 கீழே போய் சேக்ரத்தோட ஒட்டிக்கலாம். இல்லைன்னா சேக்ரத்தோட முதல் துண்டு அதுலேருந்து பிரிஞ்சு ஆறாவது இடுப்பெலும்பு மாதிரி ஆகலாம். நோய் கிடையாது, கரு உருவாகும்போதே வர்ற வேறுபாடு. எந்த எலும்பு எந்த வகைன்னு முடிவு பண்றதுல ஹாக்ஸ் ஜீன்களுக்குப் பெரிய பங்கு. எலிகள்ல ஹாக்ஸ்-11 ஜீன்களை முழுசா நீக்கினப்போ, சேக்ரம் வர வேண்டிய இடத்துல இடுப்பெலும்பு மாதிரி வந்துச்சுன்னு 2003-ல வெலிக், கேபெக்கி ரெண்டு பேரும் காட்டினாங்க. ஒரு வேரியபிள் மாறினா ஒரு எலும்போட டேட்டா டைப்பே மாறிடுது.

எத்தனை பேருக்கு இருக்கும்? ஆய்வுக்கு ஆய்வு மாறுது. 4 சதவீதத்துலேருந்து 30 சதவீதத்துக்கு மேல வரைக்கும் சொல்றாங்க, எதைக் கணக்குல சேர்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்து. குறைஞ்ச கணக்கையே எடுத்துக்கோங்க: 60 பேர் இருக்கிற உங்க கிளாஸ்ல ரெண்டு மூணு பேர். 1984-ல காஸ்டெல்விங்கிறவரும் அவரோட குழுவும் இதை நாலு வகையாப் பிரிச்சாங்க. இறக்கை பெருசா மட்டும் இருந்தா முதல் வகை, முட்டி ஒரு பொய் மூட்டு மாதிரி ஆனா ரெண்டாவது, முழுசா ஒட்டிப்போனா மூணாவது, ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் ஒட்டியிருந்தா நாலாவது. அம்மா ரெண்டாவது வகை, ஒரு பக்கம் மட்டும்.

இதுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? முதுகெலும்புக்குள்ள ஓடுற தண்டுவடம் கடைசி வரைக்கும் போறதில்லை. பெரியவங்களுக்குப் பெரும்பாலும் எல்-1, எல்-2 பக்கத்துலயே முடிஞ்சிடும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கீழே. அதுக்கு அப்புறம் நரம்புகள் தனித்தனி இழையா, திரவத்துல மிதந்துக்கிட்டுத் தொங்கும். பார்க்கக் குதிரை வால் மாதிரி இருக்கும், அதோட லத்தீன் பேருக்கும் அதுதான் அர்த்தம். இழைகள் நடுவுல ஊசி போனா விலகிக் கொடுக்கும். தண்டுவடம் விலகாது. அதனாலதான் எல்-3க்கும் 4க்கும் நடுவுல, இல்லைன்னா அதுக்கும் கீழே போடுறாங்க.

தோல், கொழுப்பு, தசைநார்கள் எல்லாம் தாண்டி ஊசி உள்ளே போகுது. கண்ணுக்கு எதுவும் தெரியாது; கையில ஒரு சின்ன 'டப்' உணர்வு, அப்புறம் ஊசி முனையில சொட்டுற தெளிவான திரவம், அவ்வளவுதான் ஃபீட்பேக். 1898-ல ஜெர்மனியில கீல் நகரத்துல ஆகஸ்ட் பியர்ங்கிற சர்ஜன் இதை முதல்ல செஞ்சப்போ கொகைன் போட்டார். அப்புறம் அவரும் உதவியாளர் ஹில்டிபிராண்டும் தங்கள் மேலயே சோதிச்சுப் பார்த்தாங்க. பியருக்குப் போட்டப்போ சிரிஞ்சு ஊசியில சரியாப் பொருந்தாம திரவம் வெளியே கொட்டிடுச்சு. ஹில்டிபிராண்டுக்கு மருந்து வேலை செஞ்சது. கணைக்கால் எலும்புல சுத்தியலால அடிச்சும் அவருக்கு வலிக்கலை. அடுத்த நாள்கள்ல ரெண்டு பேருக்கும் தலைவலி. மருந்தும் ஊசியும் இன்னிக்கு எவ்வளவோ மாறிடுச்சு. ஆனா 'எந்த இடுக்கு'ங்கிற கேள்விக்குப் பல இடங்கள்ல இன்னும் விரல்தான் பதில்.

அந்த விரல் எவ்வளவு சரி? எம்.ஆர்.ஐ. எடுக்க வந்த 100 பேரோட முதுகுல குறி வெச்சு, அது எந்த இடுக்குன்னு மயக்க டாக்டர்களைச் சொல்லச் சொன்ன ஒரு ஆய்வு 2000-ல 'அனஸ்தீஸியா' இதழ்ல வந்துச்சு. சரியாச் சொன்னது 29 சதவீதம். 51 சதவீதத்துல அவங்க நினைச்சதை விட ஒரு படி மேல இருந்துச்சு குறி. கொழுப்பு, கர்ப்பம், உட்கார்ற விதம்னு பல காரணத்தால டுஃபியே கோடு மேலே ஏறிடுதாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாம போறதுக்குக் காரணம், கீழே போதுமான இடைவெளி இருக்கிறது. இன்ஜினியர் பாஷையில மார்ஜின்.

இப்போ அம்மாவை இதுல வைங்க. ஒட்டின எல்-5-ஐ சேக்ரம்னு நினைச்சு எண்ணினா, எல்-4தான் 'எல்-5' ஆயிடும். 'எல்-3, 4 இடுக்கு'ன்னு நம்பிக் குத்துற இடம் நிஜத்துல எல்-2, 3. விரலோட தப்பு ஒரு படி, எண்ணிக்கையோட தப்பு இன்னொரு படி. ரெண்டும் ஒரே திசையில சேர்ந்தா மார்ஜின் தீர்ந்துடும். அதே நேரம், ஒட்டிப்போன இடத்துக்குக் கீழ் இடுக்கு குறுகலா இருக்கலாம், ஊசி எலும்புலயே இடிக்கலாம். அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பார்த்தாலும் பெரும்பாலும் சேக்ரத்துலேருந்துதான் எண்ண ஆரம்பிக்கிறாங்க. ஆரம்பப் புள்ளியே தப்பா இருந்தா எவ்வளவு நல்ல மெஷினும் தப்பை அழகாச் சொல்லும். என் பத்து வரி கோட் மாதிரி.

காலையில படத்தை டாக்டர்கிட்டக் கொடுத்தேன். லைட் பாக்ஸ்ல மாட்டினாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்க பேனா கடைசி விலா எலும்புலேருந்து கீழ்நோக்கி எண்ணிக்கிட்டு வந்துச்சு. ஐந்தாவதுல நின்னுச்சு. "ம்... அன்னிக்கு ஏன் நாலஞ்சு தடவை குத்தினாங்கன்னு இப்போ புரியுது. கீழ் இடுக்கு இவங்களுக்கு ரொம்பக் குறுகல்." அப்புறம் என்னைப் பார்த்து, "விலா எலும்பையும் முழுசா நம்பக்கூடாது, அதுலயும் சில பேருக்கு ஒண்ணு கூடக் குறைய இருக்கும். ரெண்டு பக்கத்துலேருந்தும் எண்ணணும். ஸ்கேனும் வெச்சுப் பார்த்துக்கிறேன்"னாங்க.

நான் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே பக்கத்துலேருந்துதான் எண்ணிட்டிருந்தேன்.

தியேட்டருக்கு வெளியே ரெண்டு மணி நேரம். அப்பா தினத்தந்தியை ஒரே பக்கத்துல பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வெளியே வந்ததும் முதல்ல சொன்னது, "ரெண்டே குத்துதான் கண்ணு. ரெண்டாவதுல கால் ரெண்டும் வெந்நீர்ல வெச்ச மாதிரி ஆச்சு."

மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்போ, 21 வருஷமாக் கேட்க நினைச்சதைக் கேட்டேன். "மேடம், அந்தப் பழைய ஊசியாலதான் வலியா?"

முதுகுல போடுற ஊசியால வருஷக்கணக்கான முதுகுவலி வரும்னு ஆய்வுகள் காட்டலைன்னு சொன்னாங்க. குத்தின இடத்துல சில நாள் வலி இருக்கும், போயிடும். ஆனா அந்தப் பொய் மூட்டால வலி வரலாம். இத்தாலியில பெர்டோலோட்டிங்கிற டாக்டர் 1917-லேயே எழுதியிருக்கார், அவர் பேர்லயே அதுக்குப் பேர். "இவங்களுக்கு அதுதான்னு நான் இப்போ அடிச்சுச் சொல்ல மாட்டேன். இந்த எலும்பு இருக்கிற நிறைய பேருக்கு வலியே கிடையாது. உடம்பு தேறட்டும், எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க."

டாக்டர் போனதுக்கு அப்புறம் அம்மா ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மெதுவா, "அப்போ இது நான் பொறக்கும்போதே இருந்ததா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"உன்னைப் பெத்ததால இல்லையா?"

"இல்லைம்மா."

வேற எதுவும் பேசலை. டிரிப்ஸ் போட்டிருந்த கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

காலேஜுக்குத் திரும்பினதும் பார்ட்னர்கிட்ட அந்த 31 படத்தையும் திரும்பப் போடணும்னு சொன்னேன். பெரிய சண்டை. அவ சொன்னதும் நியாயம்தான்: ரெண்டாவது ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் இருக்கு, நம்பர் குறைஞ்சா மார்க் போகும், பேப்பர் அனுப்புற பிளானும் போகும். ரெண்டு நாள் பேசிக்கலை. மூணாவது நாள் அவளே ஒரு லிங்க் அனுப்பினா. மியூனிக் ஆட்கள் வெளியிட்ட 'வெர்ஸ்'ங்கிற சி.டி. ஸ்கேன் தொகுப்பு. எலும்புக்கு எலும்பு எண் கொடுத்திருக்காங்க. அதுல 25-ஆம் எண் எல்-6. 28-ஆம் எண், பதிமூணாவது மார்பெலும்பு. கீழே அவளோட மெசேஜ்: "அவங்க டெலீட் பண்ணலை. நம்பர் கொடுத்திருக்காங்க."

31-ஐயும் திரும்பப் போட்டோம். ஐந்தை எடுத்துட்டோம். இப்போ மாடல் மேலேருந்தும் எண்ணும், கீழேருந்தும் எண்ணும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பேர் வைக்காது. 'எண்ணிக்கை சந்தேகம், டாக்டர் பார்க்கவும்'னு மட்டும் சொல்லும். அக்யூரசி விழுந்துடுச்சு. ரிவ்யூவுல முதல் கேள்வியே, "ஏன் போன தடவையை விடக் கம்மி?" பேரை மறைச்சு அம்மா படத்தை ஸ்கிரீன்ல போட்டேன். "சார், போன தடவை மாடல் இதை எல்-5னு சொல்லியிருக்கும், அதுவும் முழு நம்பிக்கையோட"ன்னேன். கைத்தட்டல் எதுவும் இல்லை. கைட் மட்டும், "ரிப்போர்ட்ல லிமிடேஷன்ஸ்னு ஒரு பக்கம் தனியா எழுதுங்கம்மா"ன்னார். மார்க் குறைஞ்சுது. ஃபைனல் வைவா அடுத்த மாசம், என்ன ஆகும்னு தெரியாது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா, பீரோ மேல இருக்கிற பழைய முதுகு எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எதுவா இருந்தாலும் ஃபிட்னஸ் வாங்கப் போகும்போது எடுத்துட்டுப் போங்க. முன்னாடி ஊசி போட்டப்போ கஷ்டமா இருந்துச்சுன்னா அதையும் சொல்லுங்க. 'அதெல்லாம் பழைய கதை'ன்னு விட்டுடாதீங்க. எங்க அம்மாவோட ஆதார் ஜெராக்ஸ் கவர்ல இப்போ ஒரு துண்டுச் சீட்டு இருக்கு, என் கையெழுத்துல: 'எல்-5 இடது பக்கம் சேக்ரத்தோடு சேர்ந்துள்ளது. முதுகு ஊசி போடும் முன் எக்ஸ்ரே பார்க்கவும்.'

போன ஞாயிறு போன் பண்ணினப்போ அம்மாவுக்கு இடுப்பு வலியாம். "ஊசி போட்ட இடம்தான் கண்ணு..."ன்னு பழக்கத்துல ஆரம்பிச்சாங்க. பாதியில நிறுத்திட்டு, "இல்லல்ல, அந்த எலும்பு"ன்னாங்க.